லூகாஸைத் திட்டும் முன்...

பழைய இங்கிலீஷ் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு ஜோக் நிச்சயம் வரும். வெள்ளைக்காரன் பீரை ஏன் சில்லென்று குடிப்பதில்லை? அவன் வீட்டு ஃப்ரிட்ஜும் லூகாஸ் கம்பெனி தயாரிப்பு! ஜோசப் லூகாஸுக்கு 'இருட்டின் இளவரசர்' என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். லூகாஸ் சுவிட்சில் மூன்று நிலைகள் உண்டாம்: மங்கல், மினுக்கல், அணைந்தது.

இங்கே கொல்கத்தாவில் அம்பாசடர் வைத்திருக்கும் பெரியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். லைட் எரியவில்லையா, லூகாஸ். செல்ஃப் எடுக்கவில்லையா, லூகாஸ். மழையில் ஹாரன் தானாக அடிக்கிறதா, அதுவும் லூகாஸ். நான் மெக்கானிக் இல்லை. பி.காம் படித்துவிட்டு வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். ஆனால் சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய அம்பாசடர்களின் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பதில் ஒரு விஷயம் புரிந்தது. இந்தப் பழுதுகளில் பெரும்பாலானவை ஒரு கம்பெனியின் மோசமான வேலை இல்லை. ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு காலம் உண்டு. எப்போதோ யாரோ ஏதோ ஒரு காரணத்துக்காக எடுத்த முடிவு, இன்றைக்கு நம் வண்டியில் பழுதாக வந்து நிற்கிறது. அந்தக் காலம் தெரிந்தால் பழுதைப் பாதி கண்டுபிடித்த மாதிரி. தெரியாவிட்டால் "மொத்த ஒயரிங்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டு" என்பதில்தான் போய் முடியும்.

அதனால் கதையை முதலிலிருந்து பார்த்துவிடுவோம்.

தள்ளுவண்டியில் ஆரம்பித்தது

ஜோசப் லூகாஸ் பர்மிங்ஹாமின் ஹாக்லி பகுதியில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றவர். 1870களில் கப்பல் விளக்குகள் செய்ய ஆரம்பித்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சைக்கிள் விளக்குக்கு வந்துவிட்டார். அந்த விளக்குக்கு அவர் வைத்த பெயர் 'கிங் ஆஃப் த ரோடு'. சாலையின் ராஜா என்று தொடங்கியவரைத்தான் பின்னால் இருட்டின் இளவரசர் ஆக்கினார்கள்! 1902இல் அவர் இறந்துவிட்டார். காருக்கான மின்சாதனங்கள் எல்லாம் அதற்குப் பிறகு அவர் வாரிசுகள் காலத்தில் வளர்ந்தவை.

அப்போது கார்களில் மின்சாரம் என்றால் பொறி தட்ட மட்டும்தான். விளக்கு அசிட்டிலீன் வாயுவில் எரியும். இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்ப வேண்டும். இதை மாற்றியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1912 மாடல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர், விளக்கு, இக்னிஷன் மூன்றும் ஒரே மின் அமைப்பில் சேர்ந்து வந்தன. பாயின்ட், கண்டென்சர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்று நம் அம்பாசடரில் இருக்கும் அமைப்புக்கு இன்றும் 'கெட்டரிங் இக்னிஷன்' என்றுதான் பெயர்.

பிரிட்டனில் அந்த இடத்தைப் பிடித்தது லூகாஸ். 1914இல் மோரிஸ் கம்பெனிக்கு மின்சாதனம் தரும் ஒப்பந்தம் கிடைத்தது. 1926இல் போட்டியாளர்களான ரோடாக்ஸ், சி.ஏ.வி. இரண்டையும் வாங்கிக்கொண்டது. கார் மின்சாதனச் சந்தை இப்படி ஒரு சிலர் கையில் இருப்பது பற்றி பிரிட்டிஷ் அரசின் ஏகபோக ஆணையமே விசாரித்து 1963இல் அறிக்கை கொடுத்தது. ஜோக்கின் பாதி விளக்கம் இங்கேயே இருக்கிறது. ஊரில் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கம்பெனி சாமான் இருந்தால், கெட்டுப்போகிற சாமானிலும் பெரும்பாலானவை அந்தக் கம்பெனியுடையதாகத்தானே இருக்கும்? ஊரில் ஒரே ஒரு வங்கி இருந்தால் புகார் எல்லாம் அந்த வங்கி மேல்தான் வரும் :-)

உத்தர்பாராவும் பாடியும்

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கியது. 1948இல் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவுக்கு வந்தது. மோரிஸ் கார்களின் வடிவத்தை வாங்கி இங்கே செய்தார்கள். 1954இல் லேண்ட்மாஸ்டர். பிறகு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை வைத்து 1957-58 வாக்கில் அம்பாசடர். 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும் வரை அந்த உருவம் பெரிதாக மாறவே இல்லை.

இதற்கு நடுவில் 1953இல் ஒரு முக்கியமான விஷயம் நடந்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே வெறுமனே பூட்டித் தரும் கம்பெனிகள் வேண்டாம், உள்நாட்டிலேயே தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் இருக்கட்டும் என்று சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அதை ஒட்டிக் கடையைக் கட்டிக்கொண்டு போயின. இருந்தவர்கள் பாகங்களை ஒவ்வொன்றாக உள்நாட்டுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் யார் செய்வது? டி.வி.எஸ்.ஸும் பிரிட்டனின் லூகாஸும் சேர்ந்து 1961இல் சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கினார்கள். சென்னைக்காரர்களுக்கு 'லூகாஸ்' என்றால் பாடியில் ஒரு பஸ் ஸ்டாப். அந்த ஸ்டாப்பின் பெயருக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பிரிட்டனில் அந்த மின் அமைப்பு பத்துப் பதினைந்து வருடத்தில் பழசாகி வழக்கொழிந்தது. இங்கே போட்டியும் இல்லை, இறக்குமதியும் இல்லை. 1950களின் முடிவுகள் இன்னும் பல பத்தாண்டுகள் நம் சாலைகளில் ஓடின. அவற்றில் மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதல் முடிவு: திரும்பும் வழி

வணிகவியல் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டும். மின்சாரமும் அப்படித்தான். பாட்டரியிலிருந்து போனது பாட்டரிக்குத் திரும்பி வந்தால்தான் கணக்கு நேராகும், விளக்கு எரியும். போவதற்கு ஒரு ஒயர், வருவதற்கு ஒரு ஒயர் என்றால் செம்பு இரண்டு மடங்கு செலவாகும். அதனால் ஆரம்பகாலத்திலேயே திரும்பும் வழியாகக் காரின் இரும்பு உடம்பையே வைத்துக்கொண்டார்கள். அதுதான் எர்த்.

புதிதாக இருக்கும்போது இது அருமையான ஏற்பாடு. ஐம்பது வருடம் ஆனபின், அதுவும் கொல்கத்தாவின் ஈரத்திலும் மழைக்காலத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் நின்ற வண்டியில், அந்த இரும்பு முழுக்கத் துரு. போதாததற்கு யாரோ பெயின்ட் அடித்து, அதன் மேலேயே எர்த் போல்ட்டை முடுக்கியிருப்பார்கள். போகிற ஒயரில் கரன்ட் சரியாக இருக்கும். திரும்பி வர வழி இருக்காது.

அப்போது மின்சாரம் குறுக்கு வழி தேடும். இன்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டும். பிரேக் மிதித்தால் இன்டிகேட்டர் மங்கும். இப்படி ஒன்றைத் தொட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று ஆடினால் கண்ணை மூடிக்கொண்டு எர்த்தைப் பாருங்கள். இதைவிட ஆபத்தானது, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்துபோவது. செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். அதற்கு வழி இல்லையென்றால் அது சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் அடித்த பிறகு சோக் கேபிள் சுட்டால் காரணம் இதுதான். விட்டால் கேபிள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு வங்காளிப் பெரியவரிடம் 1974 அம்பாசடர் இருக்கிறது. நான் அவரை தாதா என்பேன், அவர் என்னை மேனேஜர் பாபு என்பார். இடதுபக்க ஹெட்லைட் மங்கல். பல்பு மாற்றியாயிற்று, பாட்டரி மாற்றியாயிற்று. ஒரு ஒர்க்‌ஷாப்பில் முழு ஒயரிங்கும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். சாதாரண மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்தோம். ஒரு முனை பாட்டரியின் எர்த் முனையில், இன்னொரு முனை ஹெட்லைட்டின் எர்த் ஒயரில். லைட்டை எரியவிட்டுப் பார்க்க வேண்டும், அது முக்கியம். கரன்ட் ஓடாதபோது இந்தச் சோதனை எதையும் சொல்லாது. நல்ல வண்டியில் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இங்கே இரண்டு வோல்ட்டைத் தாண்டியது. கணக்கில் எங்கே உதைக்கிறது என்று தெரிந்துவிட்டது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு லக்கை மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம். செலவு உப்புத்தாளுக்கு மட்டும். பல்புக்குப் போகும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் முப்பது சதவீதம் குறைந்துவிடும் என்பதை அன்று தாதாவுக்குச் சொன்னேன். "அப்படியானால் இத்தனை வருஷம் லூகாஸை வீணாகத் திட்டினேனா?" என்றார்.

எர்த் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1930களில் பிரிட்டிஷ் கார்கள் பாட்டரியின் பாசிட்டிவ் முனையை எர்த் ஆக்கின. துரு குறையும், பிளக்கில் பொறி சுலபமாக விழும் என்றெல்லாம் அப்போது காரணம் சொன்னார்கள். 1960களின் பிற்பகுதியில் டிரான்சிஸ்டர் ரேடியோவும் ஆல்டர்னேட்டரும் வந்த காலத்தில் மறுபடி நெகட்டிவ் எர்த்துக்கே திரும்பினார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 பாசிட்டிவ் எர்த் வண்டி. ஆகவே பழைய வண்டியில் கை வைக்கும் முன் பாட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிடுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் இன்றைய மியூசிக் சிஸ்டத்தை மாட்டினால் அது பாடுவதற்கு முன்பே புகைந்துவிடும்.

இரண்டாம் முடிவு: இரண்டே ஃபியூஸ்

இன்றைய சின்னக் காரிலும் ஃபியூஸ் பெட்டியில் வரிசையாகப் பல ஃபியூஸ் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் வேலை செய்யும் ஃபியூஸ் இரண்டு, ஸ்பேர் இரண்டு. அவ்வளவுதான். அம்பாசடரும் அந்த வழி வந்ததுதான்.

லூகாஸ் ஒயர்களுக்கு ஒரு நிற மொழி உண்டு. பழுப்பு, பாட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் வருவது. பச்சை, அந்த வெள்ளை ஃபியூஸைத் தாண்டிய பிறகு. சிவப்பு, பார்க்கிங் மற்றும் பின்விளக்கு. நீலம், ஹெட்லைட்: வெள்ளைக் கோடு இருந்தால் பிரைட், சிவப்புக் கோடு இருந்தால் டிம். பச்சையில் சிவப்புக் கோடு இடது இன்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. கறுப்பு, எர்த். இதை மனப்பாடம் செய்துகொண்டால் சர்க்யூட் படம் இல்லாமலே பாதி வேலை பார்க்கலாம்.

இந்த மொழியில் ஒளிந்திருக்கும் ஆபத்தைக் கவனியுங்கள். பழுப்புக்கும் வெள்ளைக்கும் ஃபியூஸே கிடையாது. ஹெட்லைட்டுக்கும் அப்படித்தான். ஓடும் வண்டியில் ஒரு ஃபியூஸ் போய் இன்ஜின் நின்றுவிடக் கூடாது, இரவில் சட்டென்று இருட்டாகிவிடக் கூடாது என்ற நியாயம் அன்றைக்கு இருந்தது. அன்றைக்கு ஒயரும் புதிது. இன்று வெள்ளை ஒயரின் மேலுறை வெடித்து இரும்பைத் தொட்டால் தடுக்க எதுவும் இல்லை. ஒயர் பழுக்கும், பக்கத்து ஒயர்களும் சேர்ந்து எரியும். பழைய கார்கள் தீப்பிடிப்பதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

இருக்கிற இரண்டு ஃபியூஸையும் நம்மவர்கள் சும்மா விட்டார்களா? ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுற்றி மாட்டிவிட்டுப் போவது இந்தியா முழுக்க நடந்த வைத்தியம். இன்னொரு தவறு படித்தவர்களே செய்வது. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், 35இல் அது உருகிவிடும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, சுமார் 17தான். இன்றைய ஃபியூஸில் எழுதியிருப்பது அது தொடர்ந்து தாங்கும் அளவு. 35க்கு 35 என்று கடையில் கேட்டு வாங்கி மாட்டினால் பாதுகாப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று பொருள்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை இரண்டு ஒயரில் கட்டி மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பிரகாசமாக எரியும், ஒயர் எரியாது. பிறகு ஒயர்க் கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் கை வைத்ததும் பல்பு மங்குகிறதோ அங்கே இருக்கிறது ஷார்ட்.

மூன்றாம் முடிவு: டைனமோ

1960இல் க்ரைஸ்லர் கம்பெனி தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது. அதற்கு முன் கார்களில் டைனமோதான். அந்தக் காலத்து லூகாஸ் சி39 டைனமோ அதிகபட்சம் 19 ஆம்பியர் தரும், அடுத்து வந்த சி40 22 ஆம்பியர். அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடினால். ஐட்லிங்கில் அநேகமாக ஒன்றும் தராது. ஆங்கிலேயக் கிராமச் சாலைக்கு அது போதும். கொல்கத்தா டிராஃபிக்கில், சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஊரில், பாட்டரியிலிருந்து எடுப்பது அதிகம், போடுவது குறைவு. சேமிப்புக் கணக்கு எத்தனை நாள் தாங்கும்?

கணக்கே போட்டுவிடலாம். 45 வாட் ஹெட்லைட் இரண்டு, 90 வாட். 12ஆல் வகுத்தால் ஏழரை ஆம்பியர். அதைக் கழற்றிவிட்டு 100 வாட் ஹாலஜன் இரண்டு மாட்டினால் பதினேழு ஆம்பியரை ஒட்டி வரும். இக்னிஷன் காயிலுக்கும் வைப்பருக்கும் மிச்சம் என்ன? பாட்டரி அடிக்கடி இறங்குகிறது என்று புது பாட்டரி வாங்குபவர்கள் முதலில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கலாம்.

டைனமோவுக்குக் காவலாக ஒரு பெட்டி உண்டு. மெக்கானிக்குகள் அதை மொத்தமாக 'கட்-அவுட்' என்பார்கள். உண்மையில் அதற்குள் இரண்டு காயில். ஒன்று வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது. இன்னொன்றுதான் அசல் கட்-அவுட். டைனமோ சுமார் 13 வோல்ட்டை எட்டியதும் பாட்டரியோடு இணைக்கும், வேகம் குறைந்தால் பிரித்துவிடும். அதன் பாயின்ட் ஒட்டிக்கொண்டால், வண்டி நின்றபின் பாட்டரி தலைகீழாக டைனமோவுக்குள் காலியாகும். ராத்திரி சாவியை எடுத்து வைத்துவிட்டுத் தூங்குவீர்கள், காலையில் செல்ஃப் எடுக்காது.

சார்ஜ் ஆகவில்லை என்றால் பழுது டைனமோவிலா, பெட்டியிலா? டைனமோவின் டி, எஃப் என்ற இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து எர்த்துக்கு மீட்டர் வையுங்கள். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு லேசாக வேகம் கூட்டினால் வோல்ட் சீராக ஏற வேண்டும். 20ஐ எட்டினால் போதும், அதற்கு மேல் முறுக்க வேண்டாம். ஏறினால் டைனமோ நலம், பெட்டியையோ ஒயரையோ பாருங்கள். ஏறாவிட்டால் முதலில் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

நாம் சேர்த்த அடுக்கு

மேலே சொன்னவை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவுகள். இவற்றின் மேல் நம் ஊர் சேர்த்த அடுக்கு ஒன்று உண்டு. சரியான நிற ஒயர் கிடைக்காத காலத்தில் கையில் கிடைத்த ஒயரை முறுக்கி டேப் சுற்றினார்கள். நான் பார்த்த ஒரு வண்டியில் டேஷ்போர்டுக்குப் பின்னால் எல்லாமே சிவப்பு. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கிய சுருளில் மிச்சம் போல. அதைச் செய்த மிஸ்திரி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சாமான் கிடைக்காத காலத்தில் அடுத்த நாள் காலையில் அந்த வண்டியை ஓட வைத்தவர் அவர்தான். ஆனால் நிற மொழி அங்கே அறுந்துவிட்டது. அவருக்குப் பின் வந்தவர் எந்த ஒயர் எது என்று தெரியாமல் இன்னொரு ஒயரை இழுத்தார். அதற்குப் பின் வந்தவர் லூகாஸைத் திட்டினார்.

2021இல் மத்திய அரசு ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய விதி கொண்டுவந்தது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாதாவின் வண்டிக்கு அந்த வயது வந்துவிட்டது. இப்போது பலர் பழைய அம்பாசடர்களைப் புதுப்பிக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் வெளியே பெயின்டும் குரோமியமும் பளபளக்க, உள்ளே ஒயரிங்கை மட்டும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சரியான மேலுறையோடு இருக்கும் ஒயரை மாற்றத் தேவையில்லை. கையால் வளைத்தால் மேலுறை பொடியாகிறது என்றால் மாற்றியே ஆக வேண்டும், அதிலே பிடிவாதம் கூடாது. மாற்றும்போது அதே நிறங்களில் போடச் சொல்லுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலேயும் ஃபியூஸும் கூடுதலாகச் சேர்த்து, கண்ணில் படாத இடத்தில் வைக்கலாம். பாட்டரியில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்து, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அணைத்துவிடலாம். அசலும் கெடாது, தீயும் பிடிக்காது.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உங்கள் வண்டியில் எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது, எதை எப்போது மாற்றினீர்கள், என்ன நிறத்தில் மாற்றினீர்கள் என்று தேதி போட்டு எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் வையுங்கள். வங்கியில் ஒரு அதிகாரி மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவர் பேரேட்டைப் பார்த்து வேலையைத் தொடரலாம். காருக்கும் அப்படி ஒரு பேரேடு இருந்திருந்தால் இருட்டின் இளவரசர் ஜோக்கில் பாதி பிறந்தே இருக்காது.